கடைசி அரை மாத்திரை

கல்லடி,
22.01.2025

அன்புள்ள றமீஸா,

நீ அனுப்பிய பதினொரு குரல் பதிவுகளில் நான்கைத்தான் கேட்டேன். மீதியில் திட்டுத்தான் இருக்கும் என்று தெரிந்து திறக்கவில்லை. திட்டு எனக்கு வேண்டியதுதான். ஜூன் மாதத்துக்குப் பிறகு உனக்கு ஒரு வரி எழுதவில்லை. தொலைபேசியில் பேசலாம் என்று எடுத்தால் சின்னவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறான். அவனுடைய காது பாம்புக் காது. அதனால் விடுதிக் காலத்தைப்போல் தாளிலேயே எழுதுகிறேன். உன் தம்பி வெள்ளிக்கிழமை கட்டாருக்குத் திரும்புகிறானாம், அவன் கையில் கொடுத்துவிடுவேன். பிரித்துப் படிப்பான் என்று பயமில்லை. என் கையெழுத்தைக் கண்டாலே கணக்குப் பாடம் ஞாபகம் வந்து மூடிவிடுவான்.

நீ நலமா, பிள்ளைகள் நலமா, உன் அவர் மெலிந்துவிட்டதாகச் சொன்னாயே? படத்தில் அப்படித் தெரியவில்லை. இங்கே அம்மாவின் முழங்கால் பழையபடிதான். நவம்பர் வெள்ளத்தில் பெரும்போக வயல் படுத்துவிட்டது. இவர் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசாமல் தினமும் போய் வரம்பில் நின்றுவிட்டு வருகிறார். பொங்கலுக்கு அரிசி கடையில் வாங்கினோம். வாங்கிய அரிசியில் பொங்குவது எங்கள் வீட்டில் இதுதான் முதல் தடவை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சின்னவனுக்கு மருந்தை நிறுத்தப் போகிறார்கள். 31ஆம் திகதி இரவு கொடுப்பதுதான் கடைசி.

நீ இப்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு 'அல்ஹம்துலில்லாஹ்' என்றிருப்பாய். எல்லோரும் அப்படித்தான். அம்மா மாமாங்கக் கோயிலில் பொங்குவதற்கு நாள் பார்க்கிறா. மச்சாள் பந்தல் போட்டுச் சாப்பாடு கொடுக்க வேண்டும் என்கிறா. நான் மட்டும் சிரிப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு, இரவில் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது, றமீஸா. 2022 ஜூலையில், பெட்ரோல் வரிசைக் காலத்தில், டெங்கு என்று நினைத்துத் தூக்கிக்கொண்டு ஓடிய பிள்ளைக்கு இரத்தப் புற்றுநோய் என்று சொன்னார்களே, அன்றைக்குக்கூட இப்படிப் பயப்படவில்லை. அன்று பயப்பட நேரமே இருக்கவில்லை.

உனக்குப் புரியவைக்கிறேன் பார். முதல் எட்டு ஒன்பது மாதங்கள் மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியும் வீடும். இரவு ரயிலில் ஏறி விடியக் கொழும்புக் கோட்டையில் இறங்கி, 138 பஸ்ஸில் முகமூடி போட்ட பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு போவோம். முதுகில் ஊசி போடும்போது இறால்போல வளைந்து படுத்து 'எக்காய், தெக்காய், துனாய்' என்று சிங்களத்தில் எண்ணுவான். ஸ்டெரொயிட் நாட்களில் இரவு இரண்டு மணிக்கு எழும்பிப் பிட்டும் மீன் குழம்பும் கேட்டு அழுவான். முகம் உன் மாமா முகம்போல ஊதிவிடும். (மாமாவிடம் சொல்லாதே.) அந்தக் காலம் முடிந்து, 2023 ஏப்ரலிலிருந்து வீட்டு மருந்து. அது என் கையில் வந்தது.

ஒவ்வொரு இரவும் ஒரு மாத்திரை. இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்தால் ஒரு நாள் ஒன்று, மறுநாள் அரை. வெள்ளிக்கிழமைகளில் கூடவே ஆறு குட்டி மஞ்சள் மாத்திரைகள். அரையாக்குவதற்கென்று ஒரு கத்தி, ஒரு பீங்கான் தட்டு, இரண்டுக்கும் வேறு வேலை கிடையாது. கையுறை போட்டுக்கொண்டு நடுக்கோட்டில் கத்தியை வைத்து அழுத்துவேன். சில நாள் சரிபாதியாக உடையும், சில நாள் ஒரு துண்டு பெரிதாகிவிடும். அப்போது பெரியதைக் கொடுப்பதா, சின்னதைக் கொடுப்பதா என்று பத்து நிமிடம் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். டொக்டரிடம் கேட்டேன், சிரித்தார். 600 இரவுகளுக்கு மேல் இப்படிப் போயிற்று. நான் அரைத்துண்டை அளந்துகொண்டிருக்கும்வரை நோய் வாசலுக்கு வெளியே நிற்கிறது என்று ஒரு எண்ணம். இனி எட்டு மணிக்கு நான் என்ன செய்வது?

மொனராகலைக்காரியைச் சொல்லியிருக்கிறேன் அல்லவா, பக்கத்துக் கட்டில் அம்மா? சின்னவனுக்கு எண்ணப் பழக்கியது அவதான். அவவுடைய மகளுக்கு மருந்து நிறுத்தி எட்டாம் மாதம் திரும்பவும் வந்துவிட்டது. நிறுத்திய பிறகு முதல் இரண்டு வருடங்கள்தான் கவனமாகப் பார்க்க வேண்டியவை, மாதா மாதம் இரத்தம் சோதிப்போம் என்று டொக்டர் தெளிவாகச் சொன்னார். வசதியான நாடுகளில் இந்த வகைப் புற்றுநோய் வந்த பத்துப் பிள்ளைகளில் ஒன்பது பேர் தப்பிவிடுகிறார்கள் என்றும் சொன்னார். பத்தில் ஒன்று என்றால் என்ன என்று பத்து வருடமாகக் கரும்பலகையில் வட்டம் கீறிக் காட்டிப் படிப்பிக்கிறேன். இப்போது அந்தப் பாடம் வந்தால் அடுத்த பக்கத்துக்குத் தாண்டிவிடுகிறேன்.

நீ கேட்கமாட்டாய் என்று தெரியும், யாரும் கேட்பதில்லை, ஆனாலும் மூத்தவளைப்பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுச் சட்டம் 38 பாகை. சின்னவனுக்குக் காய்ச்சல் அதைத் தொட்டால் பை தயாராக இருக்கும், உடனே ஆஸ்பத்திரி. அவனுக்குத் தொற்றக்கூடாது என்று, இவள் ஒரு தும்மல் தும்மினாலும் சின்னம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். வகுப்பில் ஒரு பிள்ளைக்குக் கொப்பளிப்பான் வந்தபோது மூன்று கிழமை அங்கேதான் இருந்தாள். புலமைப்பரிசில் பரீட்சைக்கும் அங்கிருந்துதான் போனாள். நான் மஹரகமவில் இருந்தேன். ஒரு முறைப்பாடு சொன்னதில்லை. கெட்டிக்காரி, பொறுப்பான பிள்ளை என்று எல்லோரும் புகழ்ந்தோம். எங்களுக்கு அது வசதியாகவும் இருந்தது.

மருந்து நிறுத்தும் செய்தியைச் சொன்ன அன்று, சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள்: "அப்படியென்றால் இனி எனக்குக் காய்ச்சல் வந்தால் நான் இங்கேயே படுக்கலாமா அம்மா?"

நான் கறி எடுக்கப் போவதுபோல் குசினிக்குள் போய்விட்டேன். இவர்தான் "படுக்கலாம் மகள்" என்றார். வயல் படுத்ததற்குக்கூடக் குரல் மாறாத மனிதன்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், இரண்டு வருடமாக மனதில் கிடக்கிறது. உன் உம்மா ஓதித் தந்துவிட்ட தண்ணீரை நான் கொதிக்கவைத்து ஆறவைத்துத்தான் கொடுத்தேன். கொதிக்காத தண்ணீர் கொடுக்கவே கூடாது என்று வாட்டில் சொல்லியிருந்தார்கள். ஓதியது ஆவியில் போய்விடுமோ என்று மூடியைத் திறக்காமலே கொதிக்கவைத்தேன். சிரிக்காதே. நோன்புக்கு வரும்போது உம்மாவிடம் வாய் தவறிவிடாதே. அப்புறம், நம் வாவியில் மீன் பாடும் என்பார்களே, பௌர்ணமி இரவில் வள்ளத்தில் உனக்குக் கேட்ட அந்த 'மீன் பாட்டு' எது என்பதை உன் அவரிடம் நான் சொல்லவேண்டி வரும்.

மாத்திரையை எண்ணிப் பார்த்தேன். 31ஆம் திகதி அரை மாத்திரை நாள். மற்றப் பாதி மிஞ்சும். மிஞ்சியதை அடுத்த கிளினிக்கில் திருப்பிக் கொடுக்க வேண்டுமாம். "அதை யாருக்குக் கொடுப்பார்கள்?" என்று சின்னவன் கேட்கிறான். அவனுக்கு ஒரு பதில் யோசித்து வை. அன்றிரவு எட்டு மணிக்கு, உனக்கு ஐந்தரை, தொலைபேசி எடு. வாழ்த்துச் சொல்லாமல் வேறு எதையாவது பேசு, அரை மணித்தியாலம் விடாமல் பேசு. உனக்கு அது சொல்லித் தரவேண்டியதில்லை.

அன்புடன்,
உன் கணக்கு ரீச்சர்