எலுமிச்சைத் தோல் பொடி: பெற்றோருக்குக் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளில் கைத்தொழில் பாடத்துக்காக எலுமிச்சைத் தோல் பொடி தயாரிக்கிறோம். ஒவ்வொரு பிள்ளையும் 10 பழத்தின் தோலை வீட்டில் உலர்த்தி, வரும் வெள்ளிக்கிழமை கொண்டுவர வேண்டும். தயவுசெய்து அரைத்து அனுப்பாதீர்கள். பொடியான பிறகு அது காய்ந்ததா இல்லையா என்று பார்த்துச் சொல்ல முடியாது. ஈரமுள்ள ஒரு பிடி கலந்தாலும் பாட்டில் முழுவதும் பூசணம் பூத்துவிடும்.

சாறு பிழிவதற்கு முன்பே தோலைச் சீவிவிடுங்கள். பிழிந்து தொய்ந்த பழத்தில் சீவ வராது. பழத்தை வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவித் துடைத்துவிட்டு, காய்கறி சீவும் தோல்சீவியால் லேசாக அழுத்தி மஞ்சள் படலத்தை மட்டும் எடுங்கள். வாசனை எண்ணெய் அதில்தான் இருக்கிறது. அடியிலுள்ள வெள்ளைப் பகுதி கசக்கும். ஒட்டிவந்தால் கத்தி முனையால் சுரண்டிவிடலாம். எலுமிச்சை கிடைக்காதவர்கள் ஆரஞ்சு அல்லது சாத்துக்குடித் தோல் அனுப்பலாம். நார்த்தங்காய் வேண்டாம், அது ஊறுகாய்க்கே இருக்கட்டும்.

சீவிய கையை சோப்புப் போட்டுக் கழுவாமல் பிள்ளைகளை வெயிலில் விடாதீர்கள். எலுமிச்சைச் சாறும் தோல் எண்ணெயும் பட்ட இடத்தில் வெயில் அடித்தால் கை சிவந்து கொப்புளம் வரக்கூடும்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் உலர்த்துவதுதான் பெரிய வேலை. குளச்சல், முட்டம் போன்ற கடற்கரை ஊர்களில் பகலில் மொறுமொறுவென்று இருக்கும் தோல், ராத்திரிக் காற்றில் ஈரம் ஏறி விடியும்போது வளைந்து கொடுக்கும். குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் கோடையிலும் மழை எட்டிப் பார்க்கும். அதனால் அந்தி சாயுமுன் தோலை எடுத்து மூடியுள்ள டப்பாவில் போட்டுவிட்டு, காலையில் மறுபடி பரப்புங்கள். கடும் வெயில் வேண்டாம். நிறம் வெளுத்து மணம் போய்விடும். காற்றோட்டமுள்ள திண்ணையில், சுளகில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, மெல்லிய துணியால் மூடினால் 3, 4 நாளில் காயும். மழை பிடித்துக்கொண்டால், அடுப்பை அணைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த தோசைக்கல்லில் 10 நிமிடம் போட்டு எடுங்கள். புகையவோ பழுப்பாகவோ விட்டால் கருகல் வாடைதான் மிஞ்சும்.

ஆறிய பிறகு ஒரு துண்டை ஒடித்துப் பாருங்கள். டப்பென்று முறிய வேண்டும். வளைந்தால் இன்னும் ஒரு நாள்.

அரைப்பதைப் பள்ளியில் பார்த்துக்கொள்கிறோம். மிக்ஸியைத் தொடர்ந்து ஓட்டினால் சூட்டில் எண்ணெய் கசிந்து பொடி கட்டியாகும். எனவே ஒரு சிட்டிகை கல்லுப்பு சேர்த்து, விட்டுவிட்டு அரைத்துச் சலிப்போம். 10 பழத்துக்கு 2 அல்லது 3 மேசைக்கரண்டிதான் தேறும். குறைவாக வந்தால் பிள்ளையைத் திட்ட வேண்டாம்.

இந்தப் பொடியில் மணம் உண்டு, புளிப்பு கிடையாது. புளிப்பும் வேண்டுமென்றால் 2 மேசைக்கரண்டிப் பொடிக்குக் கால் தேக்கரண்டி எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) கலக்கலாம். கொதிக்கும் குழம்பில் போட்டால் மணம் ஆவியோடு போய்விடும். பொரித்த நெத்திலி, அவித்த மரச்சீனிக் கிழங்கு, மோர் இவற்றில் கடைசியாகத் தூவுங்கள். நாலு பேருக்கு அரைத் தேக்கரண்டி போதும்.

பொடி வைக்க, காய்ந்த சின்னக் கண்ணாடிப் பாட்டில் ஒன்றையும் பெயர் எழுதி ஒட்டி அனுப்புங்கள். அடுப்புப் பக்கம் வைக்காமல், ஈரக் கரண்டி போடாமல் பார்த்துக்கொண்டால் 3 மாதம் மணக்கும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்