குமரி முனையில் இரண்டு தடைக்காலம்

ஆசிரியர் அவர்களுக்கு,

விசைப்படகுகளுக்கான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இரண்டாகப் பிரிகிறது. முனைக்குக் கிழக்கே சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்கே முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணத்தில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரு கரையும் சேர்ந்து ஓய்வது 14 நாள்தான். ஒவ்வொரு தடையிலும் மற்ற 47 நாளும் ஒரு கரைப் படகு கட்டிக் கிடக்க, மறுகரைப் படகு தொழிலுக்குப் போகலாம். அது முனையைச் சுற்றி வந்து தடையுள்ள பக்கத்தில் மடி (இழுவை வலை) இறக்கினால் தடுக்க ஆளில்லை.

தடை கடல்பகுதிக்குத்தான், சோதனையோ துறைமுக வாசலோடு நின்றுவிடுகிறது. எந்தத் துறைப் படகு என்று பார்க்கிறார்களே தவிர, எங்கே இழுத்தது என்று கேட்பதில்லை. உள்ளூர்ப் படகு கயிறு அவிழ்த்தால் ஊருக்கே தெரியும். வெளியிலிருந்து வந்த படகு மீனை வேறு துறையில் ஏலம் விட்டுவிட்டால் கேள்வியே எழாது.

அடி விழுவது நாட்டுப்படகில் போகும் வள்ளக்காரர்களுக்கு. விசைப்படகு கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள், அதாவது சுமார் 9 கி.மீ.க்குள், மீன்பிடிக்கக் கூடாது. இது ஆண்டு முழுவதற்குமான விதி. ஆனாலும் இறாலைத் தேடி உள்ளே வருகிறார்கள். இழுவைமடியின் வாயை விரித்துப் பிடிக்கும் பலகை தரையோடு உரசி வரும்போது, இரவில் விட்டிருக்கும் செவுள் வலையின் அடிக்கயிற்றில் மாட்டும். விடியலில் போய்ப் பார்த்தால் கொடி கட்டிய மிதவை மட்டும் கிடக்கும். கீழே கயிறு பிசிறு பிசிறாக அறுந்து தொங்கும். அறுத்தது யார் என்பதற்குத் தடயம் இராது.

விசைப்படகுகளில் பொருத்தப்பட்டுவரும் இஸ்ரோ டிரான்ஸ்பாண்டரில், அதாவது படகு இருக்கும் இடத்தைச் செயற்கைக்கோள் வழியாகத் தெரிவிக்கும் கருவியில், அந்தத் தடயம் இருக்கிறது. வெறுமனே கடந்துபோகும் படகு மணிக்கு 7, 8 கடல் மைல் வேகத்தில் நேராகப் போய்விடும். மடி இழுக்கும் படகு 2 முதல் 4 கடல் மைல் வேகத்தில் மணிக்கணக்கில் ஊர்ந்து, திரும்பித் திரும்பி அதே இடத்துக்கு வரும். வரைபடத்தில் இரண்டையும் பார்த்தவுடனே பிரித்துச் சொல்லிவிடலாம். எந்தத் துறையில் மீன் இறக்கினாலும் ஏலத்துக்கு முன் இந்தத் தடத்தை எடுத்துப் பார்க்க வேண்டும். கருவியை அணைத்து வைத்திருந்தால், தக்க காரணம் காட்டும்வரை மானிய டீசலை நிறுத்த வேண்டும்.

மாநில எல்லையான நீரோடிக்கு அப்பால் கேரளத்தின் தடை ஜூன் 9 நள்ளிரவில்தான் தொடங்குகிறது என்பது தேங்காப்பட்டணத்தாரின் நியாயமான குறை. அதை இரு மாநில அரசுகளும் பேசித்தான் தீர்க்க முடியும். முனையின் இருபுறமும் ஒரே மாவட்ட நிர்வாகம்தான். ஏப்ரல் 15-க்கு முன் மேற்குக் கரைத் துறைகளிலும் இந்தத் தடச் சோதனையை அறிவித்து, அன்றிலிருந்தே தொடங்க வேண்டும்.

- நாட்டுப்படகு மீனவர்கள்,
கன்னியாகுமரி மாவட்டம்