மஞ்சள் பூவுக்கு விடை கொடுத்தவர்களுக்கு நன்றி

நம் பொதுத் தோட்டத்துக்குக் கைகொடுத்த எல்லோருக்கும் வணக்கம்.

தோட்டத்தை மூடிப் படர்ந்த வெடேலியா என்ற அலங்காரச் செடியைப் பிடுங்கினோமே, அந்தக் கொடிகளில் கடைசி மூட்டையை நேற்று பிரித்துப் பார்த்தேன். எல்லாம் காய்ந்து சருகாகிவிட்டது, ஒரு கணுவில்கூடப் பச்சை இல்லை. இதைப் பார்த்த பிறகே நன்றி சொல்வது என்று காத்திருந்தேன்.

முதல் நன்றி, அந்த வெடேலியாவை நட்ட அக்காவுக்கு. நர்சரியில் ஒரு தொட்டி வாங்கிவந்து, எதுவுமே வளராத சுவரோரத்தில் வைத்தார். பளபளக்கும் இலையும் வருடம் முழுக்க மஞ்சள் பூவுமாக அது படர்ந்தபோது நாம் எல்லோரும்தானே பாராட்டினோம்? புல்லை மூடி, நடைபாதையைத் தாண்டி, செம்பருத்தியின் அடிவரை வந்த பிறகுதான் விழித்துக்கொண்டோம். கூட்டத்தில் "எடுத்துவிடலாம்" என்று முதலில் சொன்னதும் அவர்தான். ஆசையாக வைத்த செடியைத் தன் கையாலேயே பிடுங்க மனசு வேண்டும். அக்கா, நீங்கள் அன்று சொல்லாவிட்டால் வேறு யாரும் வாய் திறந்திருக்க மாட்டோம்.

"இது மஞ்சள் கரிசலாங்கண்ணி, மூலிகை, தொடாதீர்கள்" என்று தடுத்த தாத்தாவுக்கும் நன்றி. தடுத்ததால்தான் நின்று கவனித்தோம். இரண்டின் பூவும் ஏறக்குறைய ஒன்றுதான். இலையில்தான் வித்தியாசம்: கரிசலாங்கண்ணி இலை ஒடுங்கி நீண்டிருக்கும், வெடேலியா இலை மூன்று மடலாகப் பிரிந்திருக்கும். அது மத்திய அமெரிக்கா, கரீபியன் பக்கத்துச் செடி. உலக அளவில் இயற்கைப் பாதுகாப்புக்காக இயங்கும் ஐ.யு.சி.என். அமைப்பின் நிபுணர் குழு 2000இல் வெளியிட்ட மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் உன்னிச்செடி, ஆகாயத்தாமரையோடு இதுவும் இருக்கிறது. இரண்டு இலைகளையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு "சரி, பிடுங்குங்கள்" என்றார் தாத்தா. கொடிகளுக்கு நடுவே ஒளிந்திருந்த அசல் கரிசலாங்கண்ணியைத் தேடிக் கண்டுபிடித்து, சுற்றிலும் குச்சி நட்டுக் காப்பாற்றியதும் அவரே.

தோட்டக்கார அண்ணன் இல்லாமல் இந்த வேலை முடிந்திருக்காது. முதலில் நாங்கள் புல்வெட்டும் மெஷினை ஓட்டிவிட்டோம். துண்டான தண்டெல்லாம் சிதறி, விழுந்த இடத்தில் எல்லாம் வேர்விட்டு, முன்பைவிட அடர்த்தியாக வந்தது. அவர்தான் ஒரு கொடியைத் தூக்கிக் காட்டினார்: கணுவுக்குக் கணு வெள்ளை வேர். முந்தின நாள் மாலையே தண்ணீர் விட்டு மண்ணை இளக்கி, களைக்கொத்தால் ஓரத்தை நெம்பி, பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டி எடுக்கக் கற்றுக்கொடுத்தார். குழந்தைகள் விளையாடும் இடம், களைக்கொல்லி வேண்டாம் என்று கூடுதல் உழைப்புக்குச் சம்மதித்தவர்களுக்கும், மூட்டைகளை மொட்டைமாடிக்குச் சுமந்த தம்பிகளுக்கும் நன்றி.

அப்புறம் நம் குழந்தைகள். நாங்கள் சுருட்டிக்கொண்டு போன பின்னால் வாளியோடு வந்து, உதிர்ந்த துண்டுகளை ஒன்றுவிடாமல் பொறுக்கினார்கள். ஊஞ்சலுக்கு அடியில் கிடந்த விரல் நீளத் துண்டு ஒன்றை ஒரு குட்டிப் பெண் எடுத்துவந்து, "ஆன்ட்டி, இதுக்கும் வேர் வந்துடுச்சு" என்று நீட்டினாள். பெரியவர்கள் பத்துப் பேர் அதைத் தாண்டி நடந்திருக்கிறோம்.

இன்று காலை சுவரோரத்தில் புதிதாக நான்கு தளிர் கண்டேன், பிடுங்கிவிட்டேன். இன்னும் வரும், கண்ணில் பட்டால் வேரோடு எடுத்து என்னிடம் கொடுங்கள், குப்பைமேட்டில் போட வேண்டாம். அதே இடத்தில் தும்பை தானாக முளைத்திருக்கிறது. களை என்று நினைத்து யாரும் அதைப் பிடுங்கிவிடாதீர்கள்.

அன்புடன்,
இந்த வருடம் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் உங்கள் பக்கத்து வீட்டுக்காரி