கண்ணைத் திறந்தது குற்றமா? ஒரு பள்ளி நிர்வாகத்துக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய தாளாளர், முதல்வர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் பள்ளியின் கட்டாயக் காலைத் தியான நேரத்தில் நடந்தது உங்களுக்கே தெரியும். மூச்சு முட்டுகிறது என்று கண்ணைத் திறந்து எழுந்த பிளஸ் டூ மாணவியிடம் 'ஒழுங்கீனம்' என்று மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கியிருக்கிறீர்கள். தியானம் சொல்லித் தருவதையே வேலையாகக் கொண்ட எங்களால் இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

பள்ளியில் தியானமே கூடாது என்று நாங்கள் சொல்லவரவில்லை. 'எனக்கு இப்போ பயமா இருக்கு' என்று ஒரு பிள்ளை தன் உணர்ச்சிக்குப் பெயர் வைக்கத் தெரிந்துகொண்டாலே அதன் பிடி கொஞ்சம் தளரும். கோபமும் பயமும் காட்டும் முகங்களைப் பார்த்து, அது என்ன உணர்ச்சி என்று பெயர் சொன்னவர்களின் மூளையில், பயம் போன்ற உணர்ச்சிகளோடு தொடர்புடைய அமிக்டலா என்ற பகுதியின் செயல்பாடு குறைந்ததை 2007இல் வெளிவந்த ஒரு கலிபோர்னிய ஆய்வு காட்டியது. தேர்வு எழுதப்போகும் பிள்ளைக்கு இந்தப் பழக்கம் கைகொடுக்கும். ஆனால் இதைக் கட்டாயப்படுத்தி வரவழைக்க முடியாது.

உங்கள் மைதானத்தில் நடப்பது வேறு. வெறும் சிமெண்ட் தரை, நாற்பது நிமிடம், மைக்கில் ஒரு குரல்: 'ஆழமா இழு, பிடி, விடு.' அத்தனை பிள்ளைகளுக்கும் ஒரே கணக்கு. ஏற்கெனவே படபடப்பாக இருக்கும் பிள்ளை அந்தக் கணக்கைப் பிடிக்கப் பார்த்து, தேவைக்கு மேல் இழுத்து இழுத்து விடும். ரத்தத்தில் கரியமில வாயு குறையும். உதடும் விரல்நுனியும் மரத்துக் குறுகுறுக்கும், தலை சுற்றும், நெஞ்சை அடைக்கும். காற்று போதவில்லை என்று நினைத்து இன்னும் வேகமாக இழுக்கும். கண்ணும் மூடியிருப்பதால் தன் நெஞ்சடைப்பைத் தவிர கவனிக்க அதற்கு வேறு எதுவும் இருக்காது. செத்துப்போய்விடுவோமோ என்று தோன்றுவது அப்போதுதான்.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: கண்ணைத் திறக்க வேண்டும், எதிரில் இருக்கும் எதையாவது பார்க்க வேண்டும், பாதத்தைத் தரையில் அழுத்தி ஊன்ற வேண்டும், மூச்சை அதன் போக்கில் விட்டுவிட வேண்டும். அந்த மாணவி யாரும் சொல்லித் தராமலேயே முதல் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறாள். நாங்களாக இருந்தால் பாராட்டியிருப்போம்.

அமெரிக்காவிலும் முக்கால் மணி நேரம் செய்கிறார்களே என்பீர்கள். 1979இல் மாசசூசெட்ஸில் ஜான் கபாட்-சின் என்பவர் தொடங்கிய எட்டு வாரத் தியானப் பயிற்சியில் 45 நிமிடம் உண்டுதான். ஆனால் அதில் சேர்ந்தவர்கள் விரும்பி வந்த பெரியவர்கள். பிரிட்டனில் 8,000க்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்களை வைத்துத் தியானப் பயிற்சி பற்றி நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2022இல் வந்தது. பயிற்சி பெற்ற ஆசிரியர்களே நடத்தியும், வழக்கமான வகுப்புகளைவிட அதிகப் பலன் கிடைக்கவில்லை. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் பயிற்சி செய்யவே இல்லை. மனநலச் சிக்கலுக்கான வாய்ப்பு அதிகமிருந்த பிள்ளைகளுக்கு நிலைமை மோசமாகலாம் என்ற அறிகுறியும் தென்பட்டது. ஆகவேதான் கேட்கிறோம், கட்டாயம் வேண்டாம்.

பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியாருக்குக் கொடுத்தாயிற்று. காலை ஏழு மணிக்கு ஸ்பெஷல் கிளாஸ், ராத்திரி எட்டு வரை ஸ்டடி. தூக்கம் போதாத பிள்ளை கண்ணை மூடினால் தூங்கத்தான் செய்யும். அதைத் தட்டி எழுப்பி 'அமைதியாக இரு' என்று அதட்ட வரிசைக்கு ஒரு லீடர், கையில் அட்டெண்டன்ஸ் நோட்டு! அடுத்த டெர்மில் மன அமைதிக்கும் ரேங்க் போட்டுவிடலாமே.

மன்னிக்கவும், மரியாதையாகவே கேட்கிறோம். விருப்பப்பட்ட பிள்ளைகளை மட்டும் வகுப்பறை பெஞ்சிலேயே உட்கார வையுங்கள். பாதம் இரண்டும் தரையில் படியட்டும். தரைதான் என்றால் ஜமுக்காளத்தை மூன்று நான்கு அங்குல உயரத்துக்கு மடித்துப் பிட்டத்துக்கு அடியில் போடுங்கள். இடுப்பைவிட முட்டி உயர்ந்திருந்தால் முதுகு கூனிவிடும், கால் மரத்துவிடும், பிறகு வலியைத்தான் கவனிக்க முடியும். ஐந்து நிமிடத்தில் தொடங்கி, பத்துக்கு மேல் போக வேண்டாம். கண்ணை மூடுவதும் திறந்து தரையைப் பார்ப்பதும் பிள்ளையின் இஷ்டம். மூச்சை இழுக்கவோ அடக்கவோ சொல்லாதீர்கள், வந்துபோவதைக் கவனித்தால் போதும். மூச்சு ஒத்துவராத பிள்ளை ஃபேன் சத்தத்தைக் கேட்கட்டும். மனம் அலைந்தால் தப்பில்லை. அலைந்ததைக் கண்டுகொண்டு திரும்புவதுதான் பயிற்சியே. முடிந்ததும் அப்போதைய மனநிலையை ஒரே சொல்லில் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அந்த நோட்டை யாரும் வாங்கிப் பார்க்கக் கூடாது. தவிப்பு தொடர்கிற பிள்ளைக்கு அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மனஸின் இலவச எண் 14416ஐக் கொடுங்கள்.

இத்தனையும் ஏற்பாடு செய்ய நாளாகும் என்றால், திங்கட்கிழமை முதல் கட்டாயத்தை மட்டுமாவது நிறுத்துங்கள். அந்த மாணவியின் மன்னிப்புக் கடிதத்தையும் தயவுசெய்து அவளிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தியானப் பயிற்றுநர்கள் சிலர்