விதை அப்புறம் தாங்க, முதல்ல சுண்ணாம்பு தாங்க

வணக்கம்ங்க. பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவுல இருக்கற பால் சொசைட்டி நிர்வாகிகளுக்கும் தீவனப்பயிர் திட்டத்த பாத்துக்கற ஆபீசருங்களுக்கும் சேத்து தான் இத எழுதறேன்.

தீவன மக்காச்சோளம் போடுங்கன்னு எல்லா மீட்டிங்லயும் சொல்றீங்க, தப்பே இல்ல. எத்தனாலுக்கு மக்காச்சோளம் போக ஆரம்பிச்சப்பறம் மாட்டுத்தீவனத்துக்கு அது கெடைக்கறதே போட்டியாயிடுச்சு, சொந்தமா வெளைய வெச்சா தான் பால் காசுல கொஞ்சமாவது கையில நிக்கும். ஆனா நீங்க குடுக்கற கிட்டுல ஆப்பிரிக்கன் டால்ங்கற தீவன மக்காச்சோள விதை இருக்கு, யூரியா இருக்கு, மண்ணுக்குன்னு ஒண்ணுமே இல்லையேங்க. கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி பக்கம் கரிசல் இருக்கறவங்களுக்கு அது போதும், அந்த மண்ணுலயே சுண்ணாம்பு கெடக்கு. தெற்கால மலையடிவாரத்துல எங்க செம்மண்ணு புளிச்ச மண்ணு, என் தோட்டத்து மண் ரிப்போர்ட்டுல பிஎச் 4.8ன்னு போட்டிருக்கு, பிஎச் 7க்கு கீழ எவ்ளோ எறங்குதோ அவ்ளோ புளிப்பு (அந்த ரிப்போர்ட்டும் மலையாளத்துல தான், பக்கத்து வீட்டு பையன் தான் படிச்சு சொன்னான்).

பிஎச் 5.5க்கு கீழ எறங்குனா மண்ணுல இருக்கற அலுமினியம் கரைஞ்சு வேர் நுனிய கெடுத்துடும். ஒரு செடிய புடுங்கி மண்ண ஒதறிப் பாருங்க, சல்லிவேரு இருக்காது, குட்டையா தடிச்சு பழுப்பா நிக்கும், அந்த வேர வெச்சுகிட்டு ரெண்டு நாள் வெயில் அடிச்சாலே பயிரு சுருண்டுக்கும். மணிச்சத்தயும் (பாஸ்பரஸ்) இரும்பும் அலுமினியமும் புடிச்சு வெச்சுக்கறதால சின்னப் பயிருலயே இலை ஓரம் ஊதாவாயிடுது. போன வருஷம் அத போட்டோ எடுத்து காட்டுனதுக்கு இன்னொரு தடவ யூரியா போடுங்கன்னு பதில் வந்துச்சு. யூரியா மண்ணுல மாறும்போது இன்னும் புளிப்பு தான ஏறும், வயித்துவலிக்காரனுக்கு பிரியாணி வெச்ச கத தான்.

அந்தப் புளிப்ப முறிக்கற சுண்ணாம்பும் வந்துச்சு, இல்லன்னு சொல்லல. எப்ப? வெதச்சு முளைச்சு வந்தப்பறம். சுண்ணாம்பு தானா கீழ எறங்காதுங்க, மேல தூவுனா மேலயே தான் கெடக்கும், வெதைக்கறதுக்கு ரெண்டு மூணு வாரம் முன்னாடி ஈரத்துல போட்டு அரையடி ஆழத்துக்கு உழுது கலக்கணும். யூரியா கூட ஒண்ணா போட்டா தழைச்சத்து (நைட்ரஜன்) அமோனியாவா காத்துல போயிடும், இதயும் யாரும் சொல்றதில்ல. அதுலயும் ஆளுக்கு இத்தன மூட்டைன்னு சமமா பங்கு வெச்சீங்க, கரிசல்காரரு ஒருத்தரு அத வெச்சு மாட்டுக்கொட்டாய்க்கு வெள்ளையடிச்சுட்டாரு, அவர என்னன்னு சொல்றது, வேண்டாத மண்ணுக்கு போட்டா ஜிங்க் குறைஞ்சு குருத்து வெளுத்துப் போகும், அவரு செஞ்சது தான் கரெக்ட்.

அதனால கேக்கறது இவ்ளோ தான். ரிப்போர்ட்ட பாத்து, புளிச்ச மண்ணுக்கு மட்டும், அதுல சொல்ற அளவுக்கு குடுங்க. அடி இலையில நரம்புக்கு நடுவுல மஞ்சக்கோடு விழுகற தோட்டத்துக்கு டோலமைட்டா, அதான் மெக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல்லுப் பொடியா குடுத்தா மெக்னீசியமும் சேந்துக்கும். எடவப்பாதி மழைக்கு (வைகாசி நடுவுல ஆரம்பிக்கற தென்மேற்கு பருவமழை) விதைக்கறவங்களுக்கு சித்திரையிலயே மூட்டை சொசைட்டி குடோனுக்கு வந்துடணும். ரிப்போர்ட்ட தமிழ்லயும் அடிச்சு குடுங்க, யூரியாவ பயிரு முட்டி உசரம் வந்தப்பறம் குடுத்தாலும் போதும், வண்டி வாடகை வேணா நாங்களே போட்டுக்கறோம்.