ரஃப் டிராஃப்டில் இடம் விடு, பாப்பா

ஹலசூரு, பெங்களூரு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய ரஃப் டிராஃப்டைக் கடையிலேயே பிரின்ட் எடுத்து, மத்தியானம் கூட்டம் குறைந்ததும் படித்தேன். நம்ம ஊர் 1898 பிளேக்கைப் பற்றி நீ டெல்லியில் உட்கார்ந்து எழுதுகிறாய் என்பதில் அம்மாவுக்கும் எனக்கும் ரொம்பப் பெருமை.

சிங்கிள் ஸ்பேஸில் அடித்து, மார்ஜினையும் சுருக்கி, எல்லாவற்றையும் நெருக்கி வைத்திருக்கிறாய். உங்கள் மேடம் எம்.எல்.ஏ. முறையில், அதாவது மாடர்ன் லாங்குவேஜ் அசோசியேஷன் வகுத்த கட்டுரை அமைப்பில், கேட்டார்கள் என்றாயே. அதில் நாலு பக்கமும் ஓர் அங்குல மார்ஜின், முழுக்க டபுள் ஸ்பேஸ். தீசிஸ் அடிக்க வருகிற பிள்ளைகளும் பக்கம் கூடினால் காசு கூடும் என்று இதைத்தான் முதலில் குறைக்கச் சொல்வார்கள். அந்த இடம் வாத்தியார் பேனாவுக்கு, பாப்பா. எழுத இடமில்லாத தாளில் அவர் ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விடுவார். நஷ்டம் உனக்குத்தான்.

தனி அட்டைப் பக்கம் வேண்டாம். முதல் பக்கத்தில் இடது ஓரமாக உன் பெயர், மேடம் பெயர், பாடம், தேதி. அதன் கீழ் நடுவில் தலைப்பு. தலைப்பை போல்ட் பண்ணாதே, அடிக்கோடும் போடாதே. புதுப் பக்கத்துக்கு என்டரைத் தட்டிக்கொண்டே போயிருக்கிறாய். மேலே ஒரு வரி சேர்த்தால் எல்லாம் நகர்ந்துவிடும். கன்ட்ரோலும் என்டரும் சேர்த்து அழுத்து, போதும்.

வலது மேல் மூலையில் பக்க எண்ணுக்கு முன்னால் குடும்பப் பெயர் கேட்பார்கள். நமக்கு ஏது? இனிஷியலைப் போடாதே, அது என் பெயர். உன் பெயரையே போடு. நூலகவியல் மேதை எஸ்.ஆர். ரங்கநாதனை எடுத்துக்கொள். எஸ் என்பது சீர்காழி, ஆர் அவர் அப்பா ராமாமிர்தம். பட்டியலில் அவர் ரங்கநாதன் என்றுதான் முன்னால் நிற்கிறார். கடைசியில் நீ போட்டிருக்கும் நூல் பட்டியலில் தமிழ்ப் பெயர்கள் வருகிற இடத்தையெல்லாம் இதே கண்ணோடு பார்.

இதெல்லாம் ஒரு மணி நேர வேலை. எனக்குக் கவலை மூன்றாம் பக்கம்தான். ‘அரசு வீடுகளைக் காலி செய்ய வைத்தது, அறிக்கை இப்படிச் சொல்கிறது’ என்று எழுதியிருக்கிறாய். எந்த அரசு? அப்போது பேட்டை என்கிற பழைய ஊர் மைசூர் சமஸ்தானத்தின் கையில், பட்டாளம் இருந்த கன்டோன்மென்ட் வெள்ளைக்காரன் கையில். ஒரே ஊரில் இரண்டு நிர்வாகம், இரண்டு கோப்பு. எந்தக் கோப்பு, எந்தப் பக்கம் என்று வாக்கியம் முடிகிற இடத்திலேயே அடைப்புக்குறிக்குள் போட்டுவிடு. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், கடைசி நாள் ராத்திரி எந்தப் புத்தகத்தில் படித்தோம் என்றே தெரியாமல் நிற்பாய். ஆதாரம் இன்னும் கிடைக்கவில்லையென்றால் அதையும் மஞ்சள் ஹைலைட் போட்டுக் காட்டு. ரஃப் டிராஃப்ட்தானே, ஓட்டை தெரியட்டும். தெரிந்தால்தான் மேடம் வழி சொல்வார்கள்.

அதேபோல, மல்லேஸ்வரம், பசவனகுடி என்ற இரண்டு புதுப் பேட்டைகளும் பிளேக்கினால் பிறந்தவை என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். ஊரை அந்தப் பக்கம் விரிவாக்கும் பேச்சு பிளேக்குக்கு முன்பே இருந்தது. ஜனம் அங்கே குடியேற பிளேக் அவசரப்படுத்தியது. கன்டோன்மென்ட் பக்கம் ஃப்ரேசர் டவுன் வந்தது அதற்கும் பிறகு. இந்த வித்தியாசத்தில்தான் உன் கட்டுரையின் உயிர் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. அதற்கு ஒரு பக்கம் ஒதுக்கு. முன்னுரையில் உலகப் பிளேக் வரலாறு பேசுவதை வெட்டினாலே இடம் கிடைத்துவிடும்.

கப்பன் பார்க் நூலகத்துக்கு சனிக்கிழமை போகிறேன். அந்த மண்டபமே பிளேக் சமயத்தில் திவானாக இருந்த சேஷாத்ரி ஐயர் நினைவாகக் கட்டியதுதான். பழைய நிர்வாக அறிக்கைகள் இருக்கின்றனவா என்று கேட்கிறேன். உனக்கு எந்த வருஷத்தது வேண்டும் என்று வெள்ளிக்கிழமைக்குள் எழுது. ராத்திரி ரொம்ப முழிக்காதே.

அன்புடன்,
அப்பா