பேத்தி பெயரை ஏன் வைக்கிறார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பாஸ்வேர்ட் திருட்டு பற்றிச் செய்தி வரும்போதெல்லாம், பிள்ளைகள் பெயரை வைக்காதீர்கள், பிறந்த தேதியை வைக்காதீர்கள் என்றுதான் சொல்கிறார்கள். ஏன் வைக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லையே என்ற ஆதங்கத்தில் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு மெயில் கணக்கு தொடங்கிக் கொடுத்தேன். அவர் யோசிக்கவே இல்லை, பேத்தி பெயர், பிறந்த வருஷம். பெரிய எழுத்து கேட்டது, முதல் எழுத்தைப் பெரிதாக்கினார். குறியீடு கேட்டது, கடைசியில் ஓர் ஆச்சரியக்குறி. திருட வருகிறவனும் முதலில் இந்த வரிசையில்தான் போட்டுப் பார்ப்பான். அண்ணன் எதற்கும் அலட்டிக்கொள்ளாதவர், எல்லாக் கணக்குக்கும் ஒரே பாஸ்வேர்ட். நான் பயந்த சுபாவம், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. ஒரே வீட்டிலேயே இப்படி.

மொழியும் சேர்ந்துகொள்கிறது. 2009இல் ராக்யூ என்ற அமெரிக்க இணைய நிறுவனத்திலிருந்து 3 கோடிக்கும் மேல் பாஸ்வேர்டுகள் கசிந்தபோது முதலிடத்தில் இருந்தது 123456, 'ஐ லவ் யூ' முதல் பத்துக்குள். அதே அன்பைச் சீனர்கள் 5201314 என்று எண்ணில் வைக்கிறார்கள், அவர்கள் மொழியில் வாசித்தால் 'என்றென்றும் உன்னைக் காதலிக்கிறேன்' என்பது போல ஒலிக்கும். தைவானில் இன்னும் விசேஷம். தலையும் வாலும் புரியாத ஓர் எழுத்துக் கலவை கசிந்த பட்டியல்களில் நூறு தடவைக்கு மேல் இருப்பது 2019இல் பேச்சானது. அவர்கள் கீபோர்டில் 'என் பாஸ்வேர்ட்' என்று தங்கள் மொழியில் தட்டும் அதே விசைகளை ஆங்கிலத்தில் தட்டினால் வருவதுதான் அது!

மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வதாலும் பயனில்லை. எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் கடைசி எண்ணில் ஒன்றைக் கூட்டிவிட்டு வேலையைப் பார்க்கிறார்கள். அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பே, கசிந்ததற்கு அறிகுறி இல்லாமல் மாற்றச் சொல்லாதீர்கள், கசிந்த பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள் என்று 2017இல் சொல்லிவிட்டது. அந்த அமைப்பின் பழைய விதிகளை 2003இல் எழுதிய பில் பர் கூட அதற்காக வருத்தப்பட்டார்.

அம்மாவிடம் பேத்தி பெயரை எடுக்கச் சொன்னதும் முகம் வாடிவிட்டது. சரி, அவள் மழலையில் உளறிய நாலு வார்த்தையைச் சேர்த்துப் போடுங்கள் என்றேன். வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாத வார்த்தைகள், நீளமும் இருக்கிறது. அப்புறம் அவர் ஒருமுறைகூட மறக்கவில்லை. அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது, வைக்காதீர்கள் என்பதோடு நிறுத்தாமல், எதை வைக்கலாம் என்றும் தயவுசெய்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி